பூரணி கேட்ட வரி

"எனக்கும் வரி போடுங்க சேர்."

பிரதேச சபை அலுவலகத்தின் வரிப் பிரிவில் இருந்த ஃபாஸில் நிமிர்ந்து பார்த்தான். இந்த எட்டு வருஷத்தில் வரியைக் குறைக்கச் சொல்லி அழுதவர்கள் உண்டு, சத்தம் போட்டுச் சண்டை பிடித்தவர்களும் உண்டு. போடச் சொல்லி ஒருத்தி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

வந்தவள் பூரணி. வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் பிடித்துக் கினிகத்தேனைக்கு வந்திருந்தாள். எந்த வீட்டுக்கு வரி என்று ஃபாஸில் கேட்டான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் நாலாம் காம்பரா என்றாள். அவன் பேனாவை மூடி வைத்தான்.

"லயத்துக்கு நாங்க வீட்டு வரி போட ஏலாது அக்கா. அது தோட்டத்துக்குச் சொந்தம். உங்க பேருல காணி உறுதி இருந்தாத்தான் வரி."

"அப்போ அஞ்சாம் காம்பராவுக்கு மட்டும் எப்படிப் போட்டீங்க?"

அஞ்சாம் காம்பரா ஜெயந்தினியுடையது. பூரணியின் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த ஒரு சுவருக்கு அப்பால்தான் இருந்தது. இருவருக்கும் ஒரே மலை, ஒரே சம்பளம், மழைக்கு ஒழுகுகிற ஒரே தகரம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற வருஷத்தில் ஒரு ராத்தல் பாணை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றவர்கள்தான்.

அதன்பிறகு ஜெயந்தினிக்கு மட்டும் கை நிமிர்ந்தது. மகன் திலக்ஷன் கொழும்பிலிருந்து பணம் அனுப்பினான். அவள் முன்சுவருக்குச் சீமெந்து பூசினாள், வாசலுக்குப் படலை வைத்தாள், படலையில் ஒரு நாயையும் கட்டினாள். அந்த நாய்கூடப் பூரணியைக் கண்டால்தான் கூடுதலாகக் குரைத்தது. அதையெல்லாம் பூரணி எப்படியோ பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அந்த வரித் துண்டுதான்.

போன மாசம் சபை ஆட்கள் லயத்துக்கு வந்த அன்று எல்லாரும் மலையில் இருந்தார்கள். காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தது ஜெயந்தினி ஒருத்தி மட்டும். சாயங்காலம் வந்து பார்த்தால் அவள் கையில் சபை முத்திரை குத்திய துண்டுச் சீட்டு. மறுநாளே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். காம்பரா தன் பேருக்கு வந்துவிட்டது, இனி வரி கட்டியே மாளாது என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லாரிடமும் சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்புக்குள் இருந்த பெருமையைக் கேட்டுப் பூரணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"அந்தத் துண்டைப் பார்த்துட்டு கல்யாணத் தரகர் மூக்கன் அவ பக்கம் சாஞ்சுட்டாரு சேர்."

மூக்கன் பார்த்த பெண் றொசல்லையில். பூரணியின் மகன் தனுஷனுக்காகப் பேச்செடுத்த இடம். லயத்தில் பெண் கொடுக்க மாட்டோம், சொந்த வீடு இருக்க வேண்டும் என்பதுதான் பெண்ணின் அப்பா போட்ட ஒரே நிபந்தனை. காம்பரா சீக்கிரம் பேருக்கு வந்துவிடும் என்று பூரணி சொன்னதை நம்பி வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலாம் காம்பராவுக்கு வருவதாக இருந்தவர்கள், இப்போது திலக்ஷனுக்காக அஞ்சாம் காம்பராவுக்கு வருகிறார்கள்.

ஃபாஸிலுக்குப் பாவமாக இருந்தது. நெருக்கடிக்குப் பிறகு சபைக்கும் கை வறண்டுவிட்டது, விட்டுப்போன சின்னச் சின்ன வரிகளையெல்லாம் வீடு வீடாகப் போய் வாங்குவது உண்மைதான், ஆனால் அதில் லயத்து வீட்டு வரி கிடையாது என்று பொறுமையாக விளக்கினான். பூரணி அசையவில்லை. எவ்வளவு போட்டாலும் கட்டிவிடுகிறேன் என்றாள்.

"வரி இல்லாதவரைக்கும் நிம்மதின்னு நினைங்க அக்கா."

"உங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

பூரணி போனை எடுத்து நீட்டினாள். ஜெயந்தினி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்த துண்டின் படத்தை அதில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

"எல்லாம் சிங்களத்துல இருக்கு. எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது. மூக்கனுக்கும் வராது. ஆனா முத்திரை உங்களோடதுதானே?"

ஃபாஸில் படத்தைப் பெரிதாக்கினான். முத்திரை சபையுடையதுதான். பெயர், தோட்டம், காம்பரா இலக்கம் எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

"இது வீட்டு வரி இல்ல அக்கா. நாய் வரி. கறுப்பு, ஆண் நாய், ஒன்றுன்னு எழுதியிருக்கு."

பூரணி சிரித்தாள். ஒரு மாசத்து எரிச்சல் அந்த நிமிஷமே குளிர்ந்தது. வந்தவர்கள் நாயைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று ஜெயந்தினிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். இப்போதே மூக்கனுக்குச் சொன்னால் போதும், அவள் மானம் கப்பலேறிவிடும். பூரணி போனில் மூக்கனின் நம்பரைத் தேடினாள்.

விரல் பாதியில் நின்றது. அஞ்சாம் காம்பரா சொந்தமில்லை என்று ஆகிவிட்டால், நாலாம் காம்பரா மட்டும் எப்படிச் சொந்தமாகும்? றொசல்லைக்காரர்கள் இரண்டு வாசலையும் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் போனைப் பைக்குள் வைத்தாள். இன்றைக்குப் புதன்கிழமை, ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ஃபாஸில் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பூரணி நகரவில்லை. மேசைப் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"சேர், குட்டி நாய்க்கும் இதே முத்திரைதானே குத்துவீங்க?"