கடைசித் தட்டு

தட்டை நீட்டிய அழகியின் புறங்கையில் அகப்பைக் காம்பால் ஓர் அடி விழுந்தது.

“ஒனக்கு அப்பறம். கடைசியில போய் உக்காரு” என்றாள் சமையல்காரி சின்னப்பிள்ளை.

ஆறு வயது அழகி எழுந்து போய் வரிசையின் கோடியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அநாதை விடுதியின் மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றி முடித்த பிறகு, பானையைச் சாய்த்து அடியில் வழித்ததை அவள் தட்டில் தள்ளினாள் சின்னப்பிள்ளை.

இங்கிரிட் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இது பன்னிரண்டாவது நாள்.

சுவீடனிலிருந்து மூன்று மாத ஊழியத்துக்காகக் கீரனூர்ப் பக்கத்து இந்த விடுதிக்கு வந்தவள் அவள். காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவாள். சனிக்கிழமைகளில் பேன் பார்ப்பாள். முப்பத்தொரு தலைகளில் பேன் இல்லாதது அழகியின் தலை மட்டும்தான் என்பதையும் எழுதி வைத்திருந்தாள். அது ஏன் என்று யோசிக்கவில்லை.

1952. மூன்றாவது வருஷமாக மழை இல்லை. தாய், தகப்பன் இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு கூட்டம்.

தான் பார்த்தது சரிதானா என்று இங்கிரிட் இரண்டு நாள் தயங்கினாள். பிறகு குறிப்பேட்டை விடுதித் தலைவி ஆரோக்கியம்மாளிடம் கொடுத்தாள். இங்கிரிட்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் சின்னப்பிள்ளைக்கு ஆள் அனுப்பினாள்.

“தினமும் அந்தப் பிள்ளைக்குக் கடைசியாத்தான் ஊத்துறியாமே. அதுவும் வழிச்ச அடிச்சட்டி. அப்படி என்ன வெறுப்பு?”

“வெறுப்பெல்லாம் இல்லீங்கம்மா.”

“தேதி போட்டு எழுதி வச்சிருக்காங்க. பொய்யின்னு சொல்லு பாப்போம்.”

சின்னப்பிள்ளை வாயைத் திறந்தாள். மேசை மேல் கிடந்த பிள்ளைகளின் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“கேக்குறதுக்கு ஆத்தா அப்பன் இல்லங்கிற தைரியந்தானே?”

“ஆமாங்க” என்றாள் சின்னப்பிள்ளை.

“அப்ப வேற பேச்சில்ல. கெளம்பு.”

“அடுப்படி வேணாங்க. மாட்டுக்கொட்டாயக் கூட்டிக்கிட்டு இங்கிட்டே ஒரு ஓரமாக் கெடக்கேன். கூலிகூட வேணாம்.”

“பிள்ளைய அடிக்கிறவள உள்ள வச்சுக்கிட்டு இவுக ஊருக்கு நான் என்ன பதில் எழுதுறது?”

பகலிலேயே அவள் திருச்சி ரோட்டில் நடந்து போனாள். கையில் ஒரு துணி மூட்டை. வேலிப் படல் வரை வந்து நின்ற அழகியை அவள் திரும்பிப் பார்க்காததையும் இங்கிரிட் கவனித்தாள். கல் நெஞ்சு என்று நினைத்தாள். இங்கே வந்து உருப்படியாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்று அன்றைய பக்கத்தில் எழுதினாள்.

மறுநாள் மதியம் அகப்பையை இங்கிரிட்டே வாங்கிக்கொண்டாள். அழகியைக் கைப்பிடித்து அழைத்து வந்து வரிசையில் முதலாவதாக உட்கார வைத்தாள். நிறைந்திருந்த பானையிலிருந்து மேலாக மொண்டு, தட்டு ததும்ப ஊற்றினாள்.

அழகி தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நாலு பருக்கை மிதந்தது. தட்டைத் தள்ளி வைத்தாள்.

“ஏன் சாப்பிடவில்லை?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள் இங்கிரிட். பெயர்ப் புத்தகத்தோடு அந்தப் பக்கம் வந்த ஆரோக்கியம்மாளும் நின்றாள்.

அழகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்காத்தா எனக்கு அடியில கெடக்குற கெட்டிக் கஞ்சிதான் ஊத்தும்.”