தேதி இல்லை

"எல்லாம் வந்துடுச்சும்மா. ஒண்ணே ஒண்ணுதான் வர்ல" என்றார் அப்பாசாமி.

எழில் திரும்பிப் பார்த்தாள். செங்கம் சாலையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அவர்தான் மேனேஜர். பழைய கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளையும் புக்கிங் புரோகிராமையும் புதியதுக்கு மாற்றித் தர அவளுடைய கம்பெனி அவளை அனுப்பியிருந்தது.

காலையிலிருந்து எழுத்துகளோடுதான் மல்லுக்கட்டு. பழைய ஃபாண்டில் அடித்திருந்த பெயர்களும் முகவரிகளும் புதிய திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழுந்தன. ஒருவழியாக எல்லாவற்றையும் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"எது வரலைங்க?"

"சில பேருக்குத் தேதி இல்லன்னு அதுவே சொல்லிடும். இப்ப கேக்கறவங்களுக்கெல்லாம் இருக்குன்னு காட்டுது."

ஏதோ தேதிக் குளறுபடி என்று நினைத்து, பழைய புரோகிராமைத் திறந்தாள்.

தேதியைத் தேடும் இடத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருந்தது. முகவரியில் ஒரு குறிப்பிட்ட சொல் இருந்தால் தேடவே வேண்டாம். எந்த நாளைக் கேட்டாலும் 'காலி இல்லை' என்று காட்டு.

அந்தச் சொல் மட்டும் இன்னும் பழைய ஃபாண்டிலேயே இருந்தது. அதனால்தான் புதிய கம்ப்யூட்டருக்கு அது புரியவில்லை.

எழில் அதைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தாள்.

காலனி.

திரையை அப்பாசாமி பக்கம் திருப்பினாள்.

"இத யாருங்க போடச் சொன்னது?"

"ஓனருதான். மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொன்னா சங்கடம் பாருங்க. கம்ப்யூட்டர் சொல்லிச்சின்னா யாரும் கோச்சிக்கறதில்ல." அவர் குரலில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. "காபி சொல்லட்டுமாம்மா?"

"வேணாங்க."

அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் வேலை முடிந்தது. அவள் நிபந்தனையை முழுசாக அழித்தாள்.

"புதுசுல இது வராதுங்க" என்றாள்.

அப்பாசாமி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"சரி, பரவால்லம்மா. எந்தத் தெருன்னு நாங்களே கேட்டுக்கறோம்."

வேலை திருப்தி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா மொபெட்டோடு நின்றிருந்தார். காலனிக்குப் போகும் பாதி வழியில், இன்றைக்கு எங்கே வேலை என்று கேட்டார். மண்டபத்தின் பெயரைச் சொன்னாள்.

அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"நல்ல மண்டபம். உங்க அக்கா கல்யாணத்துக்கு அதத்தான் கேட்டுப் போனேன். கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, தேதி இல்லன்னுட்டாங்க. பாவம், அவங்க மேல தப்பில்ல. நான்தான் லேட்டாப் போயிட்டேன். ஒரு மாசம் முன்ன போயிருந்தா, மாப்ள வூட்டுக்காரங்கள மழையில ஒக்கார வச்சி சோறு போட்டிருக்க மாட்டேன்."

இதை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எழில், "வுடுப்பா, உம் மேல என்ன தப்பு" என்பாள்.

இன்று அவருடைய முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் பதிலுக்குக் காத்திருப்பது தெரிந்தது.

"ஆமாம்ப்பா" என்றாள். "கொஞ்சம் முன்னாடியே போயிருக்கணும்."