கடைசி அத்தியாயம் பாக்கி

"டாக்டர், நீங்க துப்பறியும் கதையெல்லாம் படிப்பீங்களா?"

கட்டிலில் சாய்ந்திருந்தவள் கையில் அட்டை நைந்த நாவல் ஒன்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தொண்டையில் ஆப்பரேஷன். தைராய்டுக் கட்டி. கட்டியை எடுப்பதுகூடப் பெரிதில்லை. அதை ஒட்டியே நூல் மாதிரி ஓடும் நரம்பில் கத்தி பட்டுவிடக் கூடாது. பட்டால் குரல் போய்விடும். அவளோ ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். குரல்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

சர்ஜனுக்கு ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லை. பெரிய டாக்டர் பக்கத்தில் இல்லாமல் அவர் தனியாகச் செய்யப்போகும் முதல் ஆப்பரேஷன் இது. நோயாளிக்குத் தைரியம் சொல்லலாம் என்றுதான் வந்தார். வந்த இடத்தில், யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. நல்லவேளை, அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"காலேஜ்ல பாடப் புத்தகத்தைவிட அதைத்தான் அதிகம் படிச்சேன்" என்றார்.

நாவலை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு ரொம்பப் பிடித்த எழுத்தாளர். இந்தக் கதையை இரண்டு தடவை படித்திருக்கிறார். அவளும் அந்த எழுத்தாளரின் புத்தகம் ஒன்றைக்கூட விட்டதில்லையாம். பொறுக்க முடியாமல் போனால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிடுவேன் என்று அவர் ஒத்துக்கொண்டதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அப்புறம் அந்த மனுஷன் முந்நூறு பக்கம் எதுக்கு மெனக்கெட்டு எழுதணும் டாக்டர்?"

தானாக இருந்தால் உயிரே போனாலும் கடைசிப் பக்கத்தைத் தொட மாட்டாளாம். இந்தக் கதையில் லாட்ஜ் மானேஜர் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். அவன் பார்வையே சரியில்லை, கணக்காகப் பேசுகிறான் என்று காரணமும் சொன்னாள். சர்ஜனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. மானேஜர் ஒரு அப்பாவி. நல்லவன் மாதிரி வந்துபோகிற சலவைக்காரன்தான் கொலையாளி.

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். கடைசி அத்தியாயம்தான் பாக்கி, இனிப் படிக்க நேரமில்லை, யாரென்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கட்டிலில் இருந்தவள் கெஞ்சினாள். அப்போதுதான் சர்ஜனுக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. புத்தகத்தை மூடித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண் முழிச்சதும் உங்க வாயாலேயே எங்கிட்டக் கேளுங்க. அப்பத்தான் தருவேன்."

அவள் சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டுச் சிரித்த முகத்தோடு போனாள். ஒருத்தியின் பயத்தை இவ்வளவு சுலபமாகப் போக்கிவிட்டோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. கை கழுவும்போதுகூட அந்த மானேஜரை நினைத்துச் சிரித்துக்கொண்டார். ராத்திரி முழுக்க இருந்த பயம் போன இடம் தெரியவில்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. நரம்பு கீறல்கூடப் படாமல் தப்பித்தது. அவள் கண் திறந்தபோது சர்ஜன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உலர்ந்த உதடு மெல்ல அசைந்தது.

"மானேஜர்தானே டாக்டர்?"

கொஞ்சம் கரகரப்பு. மற்றபடி அதே குரல். சர்ஜன் சட்டென்று திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் புத்தகத்தைக் கொடுக்க அவரே வார்டுக்குப் போனார். அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எழுந்ததும் குடுத்துடுங்க. கொலையாளி யாருன்னு தெரியாம ரொம்பத் தவிச்சாங்க."

தங்கை புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கா விழித்துவிடாமல் மெதுவாகச் சிரித்தாள்.

"அக்காவுக்கா தெரியாது? பார்வை இல்லாதவங்க கேக்கறதுக்காக இந்தக் கதையை முதல்லேருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுப் பதிவு பண்ணிக் கொடுத்ததே அவதான் டாக்டர். ஆனா நேத்து சாயங்காலம் ஒண்ணு சொன்னா. ஆப்பரேஷனுக்கு முன்னாடி யாரோ பயந்து வெளிறிப்போய் வந்து நின்னாங்களாம். பாவம், கதை பேசிச் சரிப்படுத்தி அனுப்பினேன்னா. யாருன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறா."