அடம்பு ஊன்றிய முற்றம்

அது எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த மஞ்சள் வெயிலைக்கூட நானே பிறகு சேர்த்துக்கொண்டிருக்கலாம். பழவேற்காட்டில் ஜெகபர் அலியின் வீட்டு முற்றம் பாதி பச்சையாகவும் பாதி மணலாகவும் கிடக்கிறது. சிங்கப்பூரில் பார்த்த ஆசையில் அவர் வளர்த்த புல்வெளியை, அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, மனைவி கைருன் பீவி பாயைச் சுருட்டுவதுபோலப் பெயர்க்கிறாள். கிணற்று நீர் உப்பு. பட்டால் அந்தப் புல் கருகிவிடும். அதனால் மணலில் தோண்டிய ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு, தினம் நான்கு குடம் நல்ல தண்ணீரை அதற்குச் சுமந்தவள் அவள். தோணிரேவுக் குப்பத்திலிருந்து இறால் விற்க வரும் சூசையம்மாள், கூடையில் கொண்டுவந்த, உப்பு மணலிலும் தானே படரும் அடம்பங்கொடிகளை ஈர மணலில் அழுத்தியபடி கேட்கிறாள்: "பாய் வந்து கேட்டா இன்னாம்மா சொல்லுவே?" "அந்த நாலு குடத்த நீங்க தூக்குங்கன்னு சொல்லுவேன்," என்கிறாள் கைருன். வாசல் கதவு கிறீச்சிடுகிறது. கையில் பெட்டியோடு ஜெகபர் அலி நிற்கிறார். கைருனின் விரல்கள் புல்லிலேயே நின்றுவிடுகின்றன. "இது பூக்குமா?" என்று கொடியைக் காட்டிக் கேட்கிறார். "நம்ம கரையில பூக்காம வேற எங்க பூக்கப்போவுது பாய்?" என்கிறாள் சூசையம்மாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, மிச்சப் புல்லின் மறு ஓரத்தைப் பிடித்து இழுக்கிறார். சூசையம்மாள் பிறகு மகளோடு மீஞ்சூருக்குப் போனாள். ஜெகபர் அலி எண்பத்தாறாம் வருஷம் இறந்தார். கைருன் பீவி அதே வீட்டில் இருக்கிறாள். அடம்பு தெருவரை வந்துவிட்டது.