பிறந்தநாள் சக்கரம்

“சீக்கிரம் கழட்டுங்கண்ணா. அவர் ஜிம்ல இருந்து வர்றதுக்குள்ள வண்டி வீட்ல நிக்கணும்.” வைஷாலி ஜாக்கியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள்.

மெக்கானிக் சித்தையன் அவள் கணவனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் குனிந்து பார்த்தார். தரையை ஒட்டித் தாழ்த்தப்பட்ட வண்டி.

“ஏனுங்க அம்மிணி, இதுக்குப் போயி இத்தன பெரிய சக்கரமா? மைசூர்ல இருக்கற அத்தன சர்க்கிள்லயும் திரும்பறப்ப உரசுமுங்க.”

“உரசட்டும். மட்கார்டு உள்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி விடுங்க.”

“வூட்டுக்காரரு என்னையத்தானுங்க திட்டுவாரு?”

“அவருக்குப் பொறந்தநாள் பரிசே இதுதான்.”

சித்தையன் ஸ்பானரை எடுத்தார். “இன்னொண்ணுங்க. சக்கரம் பெருசானா மீட்டர் கம்மியாக் காட்டும். இருவத்திரண்டு கிலோமீட்டர் ஓடுனா இருவதுன்னுதான் சொல்லும். அதையும் சரி பண்ணிரட்டுங்களா?”

“அதுல மட்டும் கை வைக்காதீங்க.”

பரிசைப் பார்த்து தருண்குமார் பூரித்துப்போனான். “தெருவே திரும்பிப் பாக்கும்டி” என்றான்.

திங்கட்கிழமை மாலை வைஷாலி அதே காரில் ஆபீஸ் முடிந்து வந்ததும், தினமும் செய்வதுபோல் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தான்.

“ஆபீஸுக்குப் போக வர இருபது. கரெக்ட். இப்படி நேரா வீட்டுக்கு வந்தா நமக்குள்ள எதுக்குச் சண்டை?”

வைஷாலி உள்ளே போனாள். அவள் கைப்பையில் ஒப்பட்டு, அம்மா சுட்டுக் கொடுத்த போளி, இன்னும் சூடாக இருந்தது. போகவே கூடாதென்று அவன் தடுத்திருந்த அம்மா வீட்டுக்குப் போய்வந்த இரண்டு கிலோமீட்டரை, பெரிய சக்கரம் விழுங்கியிருந்தது.