கண் வெளுத்த லல்லா

பாம்பு செத்துவிட்டது என்றுதான் கூட்டம் நினைத்தது. மராக்கேஷ் சதுக்கத்தின் நடுவே, கம்பளத்தின் மேல் நாகம் லல்லா அசையாமல் சுருண்டு கிடந்தாள். பாம்பாட்டி ஹம்மாதி ஊதுகுழலை வீசிவிட்டுக் கழியை எடுத்தான்.

"எந்திரிடி, சனியனே!"

முதல் அடி கூடையில் விழுந்தது. அடுத்தது லல்லாவின் முதுகில்.

பக்கத்து வட்டத்தில் இன்னொரு பாம்பாட்டி கப்பூரின் மேளம் நின்றது. "அண்ணே, உங்க நாகத்துக்குக் கண்ணுல புரை விழுந்திருச்சு போல! ஆஸ்பத்திரியில சேத்துருங்க. அந்த எடத்த நான் பாத்துக்கறேன்!"

கூட்டம் சிரித்தபடி கப்பூர் பக்கம் நகர்ந்தது. நடு இடம் ஹம்மாதியின் அப்பா காலத்திலிருந்து வருவது. ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவனுக்கு நடு இடம் கிடையாது. மற்ற பாம்பாட்டிகளே வந்து அவன் கம்பளத்தைச் சுருட்டி ஓரத்தில் போட்டுவிடுவார்கள்.

மருதாணிக்காரிகளின் குடை வரிசையிலிருந்து அவன் மனைவி யாமினா ஓடி வந்தாள். அவள் குடைக்குக் கீழே இந்த மாதம் முழுக்க ஒரு கிராக்கி இல்லை. வலது கையில் துணிக்கட்டோடு யாருக்கு மருதாணி போடுவது? கதவிடுக்கில் வைத்து அந்தக் கையை நசுக்கியவன் ஹம்மாதிதான். சோற்றில் உப்பில்லை என்று.

"அடிக்காதீங்க! சட்டை உரிக்கப் போறா. பாருங்க, கண்ணு பால் ஊத்துன மாதிரி இருக்கு. இப்ப அவளுக்கு எதுவும் தெரியாது. தொட்டா பயத்துலயே கொத்திருவா!"

ஹம்மாதி அவள் காதருகே குனிந்தான். "கொத்தட்டுமே. பல்லுதான் முளைக்க முளைக்கப் புடுங்கியாச்சே. பொக்க வாய்க்கா பயப்படச் சொல்ற?"

"இல்லங்க, அதத்தான்..."

அறை விழுந்தது. யாமினா உதடு கிழிந்து கம்பளத்தில் சாய்ந்தாள். யாரோ விசிலடித்தார்கள். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து, போன கூட்டம் திரும்பி வந்தது.

அவனுக்கு அது போதும். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினான்.

"எங்க தர்காப் பெரியவரோட காவல் இருக்கறவன விஷம் தீண்டாது! கண்ணால பாருங்க!"

லல்லாவின் நடு உடம்பைப் பிடித்துத் தூக்கி, தலையில் ஓங்கித் தட்டினான். வெளுத்த கண்களோடு அவள் எங்கோ சீறினாள், இன்னொரு தட்டுக்கு எங்கோ பாய்ந்தாள், மூன்றாவதில் அவன் முழங்கையை அடுத்துக் கவ்வினாள். கவ்வியவள் விடவில்லை, மென்றாள். அவன் அவளைப் பிய்த்துத் தரையில் அறைந்தான்.

கூட்டம் அலறியது. பிறகு கைதட்டியது. நாணயங்கள் மழையாக விழுந்தன. கையில் இரண்டு சொட்டு ரத்தம் துளிர்த்திருந்தது. அதை உயர்த்திக் காட்டியபடி அவன் வட்டத்தைச் சுற்றி வந்தான்.

"பாத்தியாடா, கப்பூரு! எடம் யாருக்கு?"

யாரோ நீட்டிய புதினாத் தேநீரை வாங்கி வாயில் ஊற்றினான். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியே வந்தது. கூட்டம் மறுபடி சிரித்தது. அவனும் சிரிக்கப் பார்த்தான். இமைகள் அவன் சொல் கேளாமல் கீழே சரிந்தன. முழங்கால் மடிந்தது.

"வண்டியப் புடிங்கடா!" கப்பூர்தான் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

யாமினா ஊர்ந்து வந்து, ஹம்மாதியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பல்லு..." நாக்கு குழறியது. "பல்லு ஏதுடி?"

அவள் துணி சுற்றிய கையை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"மாசாமாசம் அதப் புடுங்கற கையத்தானே நீ ஒடச்சுப் போட்ட!"