எழுநூறு கன அடி காற்று

"எண்ணூத்தம்பதுக்குக் குறைஞ்சு எதுவும் வேண்டாம் மேடம். கடையில இருக்கிறதுலேயே பெரிய கார்புரேட்டரா எடுங்க."

கவுண்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு கோல்பி சொன்னான்.

வெர்னா நாற்காலியை விட்டு எழவில்லை. அமெரிக்காவின் டல்சா நகரைச் சுற்றி நூறு மைலுக்குள் பழைய ரேஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது இவள் கடையில்தான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கார்புரேட்டர் எந்த அளவில் வேண்டும் என்பதில் அவள் கணக்கு தப்பியதே இல்லை என்று பேர்.

"என்ன வண்டி?"

"அறுபத்தெட்டாம் வருஷத்து ஜி.டி.ஓ. வெளிய டிரெய்லர்ல நிக்குது. எஞ்சின் ரெடி. கார்புரேட்டர் ஒண்ணுதான் பாக்கி."

"எண்ணூத்தம்பதுன்னு யார் சொன்னா?"

"ஒரு கடையில அறுநூறுங்கிறான். இன்னொருத்தன் எழுநூத்தம்பதுங்கிறான். பெரிசா இருந்தா காத்து நிறையப் போகும், வண்டி பறக்கும். இதுக்கு எதுக்கு இத்தனை ஆராய்ச்சி?"

ஜன்னலோரம் டோனட் தின்றுகொண்டிருந்த ஓடிஸ் சிரித்துவிட்டார். தினமும் காலையில் வந்து காபி குடித்துவிட்டுப் போகும் பழைய லாரி டிரைவர்.

"பறக்கும் தம்பி. ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னு நின்னு பறக்கும்."

"நீங்க டோனட்டைக் கவனிங்க பெரியவரே."

"அவர் சொல்றது சரிதான்," என்றாள் வெர்னா. "எஞ்சினுக்கு எவ்வளவு பசியோ அவ்வளவு காத்துதான் இழுக்கும். வாய் அகலமா இருந்தா காத்து மெதுவா வரும். பெட்ரோலைச் சேர்த்து இழுத்துட்டு வராது. நீ ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் வண்டி இருமிட்டு நிக்கும். சனிக்கிழமை ரேஸுக்கா?"

"ஆமா மேடம். கால் மைலைப் பன்னெண்டு செகண்டுக்குள்ள முடிச்சா ஹாஸ்கெல் டீம்ல டிரைவர் சீட் எனக்கு. ஒரே சான்ஸ். இதுக்காக ஒரு வருஷமாக் காத்திட்டிருக்கேன்."

"அப்ப ஒழுங்காக் கணக்குப் போட்டுடலாம். டாக்டர்கிட்டச் சொல்ற மாதிரி ஒண்ணு விடாமச் சொல்லு." பென்சிலை எடுத்தாள். "எஞ்சின்?"

"கம்பெனியில வந்தப்ப நானூறு கன அங்குலம். சிலிண்டரையெல்லாம் கடைஞ்சு பெரிசாக்கியிருக்கு. இப்ப நானூத்திப் பன்னெண்டு."

பென்சில் ஒரு நொடி நின்றது.

"பன்னெண்டா? அவ்வளவு கடைஞ்சா சுவர் மெலிஞ்சிடுமே. எட்டு சிலிண்டரும் தாங்குச்சா?"

"ஏழு தாங்குச்சு. ஆறாவதுல விரிசல். அதுக்கு மட்டும் உள்ள உறை மாதிரி ஒரு இரும்பு ஸ்லீவ் இறக்கியிருக்கு."

இந்த ஊரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு எஞ்சின் இருக்கும்? சொல்லும்போதே கோல்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெர்னா முதல் தடவையாக அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். மற்றக் கடைக்காரர்கள் யாரும் இத்தனை கேட்கவில்லை. பேர் சும்மா வரவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"ஓடிஸ், உன் பிக்கப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தேன். தம்பி டிரெய்லர் பக்கம்."

ஓடிஸ் அவளைப் பார்த்தார். பாதி டோனட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

"எவ்வளவு சுத்தும்?"

"நிமிஷத்துக்கு ஆறாயிரம்."

"கியர்?"

"நாலு கியர். கையால போடுறது."

"நல்ல வேலை. யார் கட்டினது?"

கோல்பி இமைக்கவில்லை. "நானேதான் மேடம். ஒவ்வொரு போல்ட்டும் இந்தக் கையால முடுக்கினது."

"முன்னாடி இருந்த கார்புரேட்டர் என்னாச்சு?"

"அது குப்பை. தூக்கிப் போட்டுட்டேன்."

வெர்னா தலையாட்டினாள். தாளில் பெருக்கினாள், வகுத்தாள்.

"நூத்துக்கு நூறு மூச்சு இழுத்தாக்கூட எழுநூத்திப் பதினஞ்சுதான் வருது. எந்த எஞ்சினும் அப்படி இழுக்காது. நிமிஷத்துக்கு எழுநூறு கன அடி காத்து. அதுக்கு மேல ஒரு அடி வேண்டாம்."

"எழுநூறுல பன்னெண்டு செகண்டுக்குள்ள வருமா?"

"பதினொண்ணு புள்ளி எண்பது வரும்."

"அவ்வளவு உறுதியாவா சொல்றீங்க?"

"அவ்வளவு உறுதியாத்தான்."

அந்தக் குரலில் கோல்பியின் கடைசிச் சந்தேகமும் போயிற்று. "சரி மேடம். எழுநூறே குடுங்க."

"இரு, உள்ள இருக்கு. எடுத்துட்டு வரேன்."

உள்ளே போனவள் வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரிடமோ ஃபோனில் பேசும் சத்தம் கேட்டது. கோல்பிக்கு அவசரமில்லை. ஹாஸ்கெல் தன் கையைப் பிடித்துக் குலுக்குவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஓடிஸ், பிக்கப்பைப் பின்னால் எடுத்து, சரியாக அவன் டிரெய்லரை மறித்து நிறுத்தினார். கிழவருக்கு வண்டி நிறுத்தக்கூடத் தெரியவில்லை என்று இவனுக்குச் சிரிப்பு வந்தது.

வெர்னா இரண்டு கையாலும் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். கவுண்டரில் வைத்துத் துணியை விலக்கினாள். கார்புரேட்டர் பளபளவென்று இருந்தது. ஆனால் திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தன.

"மேடம், இது புதுசு இல்ல போல இருக்கே? பெட்டிகூட இல்ல."

"புதுசு இல்ல தம்பி. போன வருஷம் ஜூன்ல இதைக் கழட்டி, சுத்தம் பண்றதுக்காகக் கடைக்குக் கொண்டுவந்தேன். திரும்ப மாட்டலாம்னு மறுநாள் பண்ணை வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, ஷெட்ல, ஆறாவதுல ஸ்லீவ் இறக்கின என் எஞ்சினைக் காணோம்."